மூங்கில் முதுகு, கருவேல வயிறு

மார்ச் 4, செவ்வாய்

அத்தானோடு காலையிலேயே சண்டை. மூங்கிலின் தடிப்பில் இன்னும் அரை நூல் இழைத்துக் குறைக்க வேண்டும் என்று நான். இழைத்தால் வில்லுக்கு வேகம் போய்விடும் என்று அவர். வழக்கம்போல அக்கா நடுவில் புகுந்து, "போதும், விட்டா ரெண்டு பேருமா சேர்ந்து என் மண்டையை இழைச்சுடுவீங்க" என்றாள். கடைசியில் கால் நூல் இழைத்தேன். யாருக்கும் தோல்வி இல்லை.

பக்கத்துத் தையற்கடைக்காரி கத்தரிக்கோலைச் சாணை பிடிக்க வந்தாள். வந்தவள் சும்மா இருக்காமல், "எதுக்கு மரத்து மேல மரத்தை ஒட்டறீங்க? ஒரே மரத்துல செஞ்சா வளையாதா?" என்று கேட்டுவிட்டாள். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. இருந்தாலும் யாராவது கேட்டால் எனக்குக் கால் தரையில் நிற்பதில்லை. வில்லுக்கு முதுகும் வயிறும் உண்டு என்று ஆரம்பித்தேன். குறியைப் பார்க்கிற பக்கம் முதுகு, எய்கிற ஆளைப் பார்க்கிற பக்கம் வயிறு. நாணை இழுத்தால் முதுகு இழுபடும், வயிறு நெருக்குப்படும். இரண்டையும் தாங்குகிற ஒரே மரம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால் முதுகுக்கு மூங்கில், வயிற்றுக்கு வைரம் பாய்ந்த கருவேலம், நடுவில் சமாதானத்துக்கு ஒரு மெல்லிய முசுக்கட்டைப் பட்டை. ஆனால் மூங்கில் முரடு. தடிப்பு கொஞ்சம் கூடிப்போனாலும் வயிற்றை நசுக்கிவிடும். அதைச் சரியான அளவுக்கு இழைத்து அடக்குவதுதான் என் வேலை என்று சொன்னேன்.

"அப்போ புருஷன் பொண்டாட்டி மாதிரின்னு சொல்லுங்க" என்றாள்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் மாட்டிக்கவே இல்லையே" என்றேன். அக்கா அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் தலைத்துண்டுகளையும் காட்டினேன். எங்களில் மரம் அத்தான் பாடு, வளைவு என் பாடு, நாண் அக்கா பாடு. கட்டை அறுத்து வந்த அன்றே அத்தான் அதன் தலையில் பென்சிலால் தேதி எழுதி நிழலில் அடுக்குவார். மூன்று வருஷம் காய்ந்த பிறகுதான் என் கைக்கு வரும். வில்லின் நீளத்துக்கு வெட்டும்போது, தேதி எழுதிய அந்தத் தலையை எறியாமல் வில்லின் எண்ணையும் போட்டு ஆணியில் மாட்டிவிடுவேன். எந்த வில் எந்தக் கட்டை என்று நாளைக்கு யாராவது கேட்டால் பதில் இருக்க வேண்டுமே. இதுவரை யாரும் கேட்டதில்லை.

மார்ச் 11, செவ்வாய்

விசில் டீச்சர் கையில் நாங்கள் செய்த வில் முறிந்துவிட்டது.

பெண்கள் பள்ளியில் வில் பயிற்சி கொடுக்கிறவர். கழுத்தில் விசில் இல்லாமல் அவரைப் பார்த்ததே இல்லை, அதனால் எங்களுக்குள் அந்தப் பேர். ஜனவரியில்தான் பன்னிரண்டு வில் வாங்கிப் போனார். இன்று காலை பிள்ளைகளுக்கு இழுத்துக் காட்டியிருக்கிறார். ஏழாம் எண் வில். மேல் பாதி முறிந்து தெறித்து இடது கண்ணில் அடித்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கண் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

பிள்ளைகளில் ஒருத்தி கையில் இருந்திருந்தால் —

ஏழாம் எண்ணை எனக்கு ஞாபகம் இருக்கிறது. டிசம்பரில் அதை வளைப்புச் சட்டத்தில் பூட்டி, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, இரண்டு பாதியும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டக் என்றது. நகம் ஒடிகிற அளவு சத்தம். நிறுத்திவிட்டு அத்தானைக் கூப்பிட்டேன். விரலால் தடவிப் பார்த்தார். "பசை செட் ஆகுது. உன் காது ஓவர்டைம் பாக்குது" என்றார். சிரித்தேன். மறுபடி இழுத்தேன், சத்தம் வரவில்லை. அதோடு விட்டுவிட்டேன்.

ஏன் விட்டேன்?

மார்ச் 12, புதன்

பட்டறைக்குப் போனேன். சுரண்டியை எடுத்தேன், கீழே வைத்தேன், வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 15, சனி

அத்தான் பள்ளிக்குப் போய் முறிந்த வில்லை வாங்கி வந்திருக்கிறார். மற்ற பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாராம், குறை எதுவும் இல்லையாம். நான் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. "நான் பாத்துட்டேன். வயிறு நசுங்கியிருக்கு. மூங்கில் தடிப்பு ஜாஸ்தி. நீ பாக்காதே, உன்னால தாங்க முடியாது" என்றார். என் கண் முன்னாலேயே அதைப் பசை காய்ச்சும் அடுப்பில் போட்டுவிட்டார். எரிய நேரம் எடுத்தது.

இழைக்க வேண்டாம் என்று நீங்கள்தானே எப்போதும் சொல்வீர்கள் என்று வாய் வரை வந்தது. ஆனால் இழைப்புளி என் கையில்தானே இருந்தது? அவர் சொன்னதைக் கேட்டதும் நான்தானே? ஒரு வார்த்தை திட்டவில்லை அந்த மனுஷன். தோளில் தட்டிவிட்டுப் போனார். இவ்வளவு நல்லவராக இருப்பார் என்று நினைக்கவில்லை. அழுகை வந்துவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்

அக்கா என் அறைக்கு வந்தாள். கையில் வெள்ளைத் தாள், பேனா. பள்ளியில் விளக்கம் கேட்கிறார்களாம்.

"நீ ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டேன்னா இதோட முடிஞ்சிடும்டி. இழுத்துக்கிட்டே போனா எல்லாருக்கும் கஷ்டம்."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஏழாம் எண் வில்லின் மூங்கில் முதுகைப் போதுமான அளவு இழைக்கத் தவறிவிட்டேன், அதனால் வயிற்றுக்கட்டை நசுங்கி முறிந்தது, தவறு முழுக்க என்னுடையது. அதோடு நிறுத்தினேன். "இன்னொரு வரி போடு" என்றாள். "மற்ற பதினொன்றும் நல்ல நிலையில் உள்ளன." அதை நான் எப்படிச் சொல்வது என்றேன். "அவர்தான் போய்ப் பாத்துட்டு வந்தாரே? அந்த வரிதான்டி முக்கியம்" என்றாள். போட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

போகும்போது என் தலையை வருடிவிட்டுப் போனாள். சின்ன வயசில் எனக்குக் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் செய்வாள்.

மார்ச் 21, வெள்ளி

ஆஸ்பத்திரி. விசில் டீச்சர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் கட்டு, புருவத்தில் ஏழு தையல், கழுத்தில் விசில். அங்கேயுமா!

"கண்ணு போகலை. பார்வை கொஞ்சம் மங்கலாத்தான் இருக்குமாம். நல்ல வேளை, நான் குறி பாக்கறது வலது கண்ணால" என்றார். யாரோ ஒருத்தர் கண்ணைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார்.

கடிதத்தைக் கொடுத்தேன். ஒற்றைக் கண்ணால் மெதுவாகப் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "மத்தது பதினொண்ணும் நல்லாத்தானே இருக்கு? திங்கக்கிழமையிலேருந்து பிள்ளைங்க மறுபடி எடுக்கப் போறாங்க. மே மாசம் போட்டி."

"நல்லா இருக்கு டீச்சர்" என்றேன்.

நான்தான் சொன்னேன், என் வாயால்.

மார்ச் 24, திங்கள்

"கொஞ்ச நாள் ஓய்வு எடு" என்றார் அத்தான். வளைவு பார்க்க ஒரு கடைசல்காரரை வைத்துவிட்டார். நாற்காலிக் கால் கடைகிற ஆள். கேட்டால் கற்றுக்கொள்வார் என்கிறார். எனக்குக் கற்றுக்கொள்ள எட்டு வருஷம் ஆனது. ஒன்றும் சொல்லவில்லை. ஒருத்தர் கண்ணைக் கெடுத்தவளுக்கு வாய் எதற்கு?

சுவரிலிருந்து ஏழாம் எண் தலைத்துண்டை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். தினமும் கண்ணில் படட்டும்.

ஏப்ரல் 2, புதன்

அறையில் துடைக்க இனி தூசி இல்லை. பாத்திரங்களை அளவு வாரியாக அடுக்கினேன், பிறகு மூடி வாரியாக. சன்னல் சட்டத்தை விரலால் தட்டித் தட்டி என்ன மரம் என்று பார்த்தேன். மட்ட மரம். என்னை மாதிரி.

ஏப்ரல் 9, புதன்

வரிசையாக எழுத வேண்டும்.

மேசை ஆடிக்கொண்டே இருந்தது. காலுக்கு ஆப்பு வேண்டும். வீட்டில் இருந்த ஒரே கட்டை அந்தத் தலைத்துண்டு. பார்த்துப் பார்த்து அழுதது போதும், உருப்படியாக ஒரு வேலைக்கு ஆகட்டும் என்று குறுக்கே அறுத்தேன்.

உள்ளே வெடிப்பு. ஒன்றிரண்டு அல்ல. வெளியே வழவழவென்று, ஒரு கீறல் கிடையாது. உள்ளே குளம் வற்றின பிறகு சேறு வெடித்திருக்குமே, அப்படி. இன்னொரு இடத்தில் அறுத்தேன். அங்கேயும் அதே.

நிழலில் மூன்று வருஷம் காய்ந்த கருவேலம் இப்படி வெடிக்காது. பச்சை மரத்தைச் சூட்டில் வைத்தால்தான் இப்படி ஆகும். வெளிப்பக்கம் முதலில் காய்ந்து இறுகிவிடும், உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வழி கிடைக்காது, காயும்போது உள்ளுக்குள்ளேயே கிழியும். மேலே தடவிப் பார்த்தால் எந்தக் கொம்பனுக்கும் தெரியாது. சட்டத்தில் வளைக்கும்போது டக் என்று ஒரு தடவை சொல்லும். சொன்னது.

மூங்கில் இல்லை. என் இழைப்பு இல்லை. வயிறே பொய்.

அப்புறம் தேதியைப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி, தெளிவாக. டிசம்பரில் இதே தேதியைப் பார்த்துத்தான் கையை வைத்தேன். அப்போது தேதியைத்தான் பார்த்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை. அத்தான் ஒன்பதை ஒரே கோடாக இழுத்துவிடுவார். இந்த ஒன்பதுக்கு வால் சுருண்டிருக்கிறது.

வாலைச் சுருட்டி ஒன்பது போடுவது அக்கா.

ஏப்ரல் 10, வியாழன்

மத்தியானம் ரொட்டிக்கடைக்குப் போனேன். எங்கள் பட்டறைத் தெருவில் ராத்திரி பகலாக அடுப்பு எரிவது அங்கே மட்டும்தான். கடைக்காரர் மாவுக் கையோடு சிரித்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "என்னம்மா, மறுபடியும் கட்டை போடணுமா? போன வருஷம் அடுப்பு மேல பரண்ல ஆறு வாரம் கிடந்துச்சு. பதமா காஞ்சுதா?" என்று கேட்டார். பாவம், உதவி செய்த சந்தோஷம் அவருக்கு.

நேராகப் பள்ளிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அக்காவிடம் போனேன். அவள் ஏதாவது சொல்லுவாள், இது வேறு ஏதோ கதையாக இருக்கும் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

நாண் முறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தான் வெளியே போயிருந்தார். துண்டை அவள் மடியில் வைத்தேன்.

"இது யார் எழுத்து?"

நூலை விடாமல் பார்த்தாள். "என்னுதுதான்" என்றாள்.

மறுப்பாள், சண்டை போடலாம் என்று வந்தவளுக்குச் சண்டைகூடக் கிடைக்கவில்லை. அவளே எல்லாம் சொன்னாள். போன வருஷம் அடுக்கைப் பிரித்தபோது பழைய கட்டை பூராவும் வண்டு அரித்துக் கிடந்ததாம். பட்டையை உரிக்காமல் அடுக்கிவிட்டார் அத்தான். புதுசாக வேலை கற்கிறவன்கூடச் செய்யாத தப்பு. பன்னிரண்டு வில்லுக்கு அதற்குள் வாக்குக் கொடுத்தாயிற்று. என்னிடம் சொன்னால் நான் ஊரைக் கூட்டிச் சிரிப்பேன் என்று பயந்தாராம். புதுசாக வெட்டின கட்டையை ரொட்டிக்கடையில் போட்டார்.

"தேதி போடறப்போ அவருக்குக் கை நடுங்குச்சுடி. அதான் நான் வாங்கி எழுதினேன்."

"சரி, அந்த லெட்டர்?"

நூலை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"சொல்லு. எரிச்சாரே, அது எதுக்கு எரிச்சார்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுதானே பேனாவை எடுத்துக்கிட்டு வந்தே?"

"வேற வழி தெரியலை. அவர் தப்புன்னு வெளிய தெரிஞ்சா அவரோட முகம் போச்சு. மரம்னாலே அவர்தான்னு பேரு. அது போயிட்டா அவர் என்ன செய்வார்? நீன்னா... உனக்குன்னு யாரு இருக்கா? ஒத்தை ஆளு. நீ தாங்கிப்பே."

உனக்குன்னு யாரு இருக்கா.

இதை அவள் கோபத்தில் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. யோசிச்சு, கணக்குப் போட்டு, பாசமா சொன்னா. யாரு இருக்கான்னா கேக்கறே? நீ இருக்கேன்னு நெனச்சேனே! உங்க ரெண்டு பேரையும் விட்டா யாரும் வேணாம்னு இருந்தேனே இத்தனை வருஷம். தலையை வருடிட்டுப் போனியே, அந்தக் கை எப்படி வந்துச்சு உனக்கு?

இதில் பாதியைத்தான் வாய்விட்டுச் சொன்னேன். கடைசியாகக் கேட்டேன்: "மத்த பதினொண்ணும் பிள்ளைங்க கையில இருக்கு. அது உனக்குத் தோணவே இல்லையா?"

"அவர் போய்ப் பாத்துட்டுத்தானே வந்தார்."

"உள்ளே வெடிச்சதை வெளியே என்னத்தைப் பாத்தார்?"

தலையைக் குனிந்துகொண்டாள். அது அவளுக்குத் தெரியாததா? நான் எழுந்தேன். மணிக்கட்டைப் பிடித்தாள். "இப்ப போகாதே. அவர் வரட்டும். பேசி, வில்லையெல்லாம் பதமா திரும்ப வாங்கிடலாம்" என்றாள். விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

பஸ் கிடைக்க முக்கால் மணி. பள்ளி மைதானத்துக்குப் போய்ச் சேரும்போது நாலு மணி ஆகிவிட்டது. பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். பாதிப் பேர் இழுத்திருக்கிறார்கள். ஓரத்தில் ஒருத்தி முழுசாக இழுத்து, கன்னத்தோடு நாணை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறாள். என் கையெழுத்தை நம்பி நிற்கிறாள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. விசில் டீச்சர் என் முகத்தைப் பார்த்தார், ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, விசிலை ஊதினார். பதினொரு வில்லும் இறங்கின.

"என்ன?" என்றார்.

"நான் எழுதிக் குடுத்தது பொய் டீச்சர். எனக்கே தெரியாம எழுதின பொய்."

நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் யாரோ தண்ணீர் கொண்டு வந்தார்கள்.

ஏப்ரல் 12, சனி

பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு, டீச்சர் பார்க்கப் பதினொரு வில்லையும் அறுத்தேன். நானே மாதக் கணக்கில் சுரண்டிச் சுரண்டிக் கொண்டுவந்த வளைவுகள். ஆறில் வெடிப்பு. ஐந்து சுத்தம். "அடடா, அந்த அஞ்சையாவது விட்டிருக்கலாமே" என்றார் பார்த்துக்கொண்டிருந்த ஒரு டீச்சர். அறுக்காமல் எப்படித் தெரியும்?

வெடிப்பு இருந்த ஒன்றை விசில் டீச்சர் வெகுநேரம் கையில் வைத்துத் திருப்பினார். ஞாயம் என் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அப்படியே வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் டிசம்பரில் கேட்ட அந்த டக்கைச் சொன்னேன். கேட்டேன், அத்தான் சொன்னதை நம்பினேன், மறுபடி இழுத்தேன், கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.

"இதை நீங்க சொல்லியிருக்கவே வேணாம்" என்றார்.

"ஆமா."

தையல் போட்ட புருவத்தைத் தேய்த்துக்கொண்டு, "சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சு. வேற யாருக்கும் கேக்கலை" என்றார். மன்னித்தாரா, குத்திக் காட்டினாரா என்று இன்னும் புரியவில்லை.

மே 5, திங்கள்

அத்தான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாராம்: தன் தப்பை மறைக்க மரத்தின் மேல் பழி போடுகிறாள், கட்டையை ஈரத்தில் போட்டு வைத்து அவளே கெடுத்திருப்பாள் என்று. என் கடிதத்தின் நகல் ஒன்று அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கேட்கிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். தவறு முழுக்க என்னுடையது என்று என் கையாலேயே எழுதியிருக்கிறதே, அதற்கு நான் என்ன பதில் சொல்ல? இரண்டு வில்லாளிகள் புது வில்லுக்கு என்னிடம் கொடுத்திருந்த முன்பணத்தைத் திரும்ப வாங்கிப் போய்விட்டார்கள். ஒருத்தர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

டயர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை எடுத்திருக்கிறேன். ரப்பர் நாற்றம். சுவரில் வளைப்புச் சட்டம் ஒன்று, பெஞ்சு ஒன்று, ஒரு மடக்கு நாற்காலி. மடக்கினால் திறக்காது, திறந்தால் மடங்காது.

இன்று மரம் வாங்கப் போய் அசடு வழிந்தேன். கடைக்காரர் நாலு கட்டையைப் போட்டு எது வேண்டும் என்கிறார். எனக்குத் தெரியவில்லை! இருபத்திரண்டு வருஷம் மரத்தை அத்தானின் கண்ணால்தான் பார்த்திருக்கிறேன். அவர் இது மூங்கிலோடு சேரும், இது சேராது என்பார். நான் இழைக்க ஆரம்பித்துவிடுவேன். அவரைத் திட்டிக்கொண்டே திரும்பி வந்தேன். பாதி வழியில் என்னையும் சேர்த்துத் திட்டினேன்.

ஜூன் 20, வெள்ளி

இடித்த வீட்டிலிருந்து ஒரு கருவேல உத்தரம் கிடைத்தது. எத்தனை வருஷம் கூரையைத் தாங்கியதோ, தட்டினால் வெண்கலம் மாதிரி பேசுகிறது. முதலில் நாலு இடத்தில் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு கீறல் இல்லை.

இப்போது ஒரு வேலை கண்டுபிடித்திருக்கிறேன். எல்லா மரத்திலும் ஒரே அகலம் ஒரே தடிப்பில் பட்டை எடுக்கிறேன். ஒவ்வொன்றாக வளைத்து, எவ்வளவு தூரத்தில் ஒடிகிறது, மேலே பிய்ந்ததா கீழே நசுங்கியதா என்று எழுதுகிறேன். மேலே பிய்ந்தால் அது முதுகுக்கு ஆகாது. கீழே நசுங்கினால் வயிற்றுக்கு ஆகாது. நாள் முழுக்க ஒடிக்கிறேன். சொன்னால் சிரிப்பார்கள், மனசுக்கு இதமாக இருக்கிறது.

ஜூலை 19, சனி

முதல் வில் சட்டத்தில் இருக்கும்போதே டக் என்றது. யாரையும் கூப்பிடவில்லை. இறக்கினேன், அறுத்தேன். நடுப்பட்டைப் பசை ஒரு விரல் அகலத்துக்குப் பிடிக்கவில்லை. வேறு ஒன்றுமில்லை. திரும்பவும் முதலிலிருந்து.

ஆகஸ்ட் 23, சனி

இரண்டாவது வில் நிற்கிறது. மூங்கிலை நான் நினைத்த அளவுக்கு, முழு அரை நூல் இழைத்தேன். வேகம் கொஞ்சம் குறைவுதான், அத்தான் சொன்னது உண்மைதான். ஆனால் வயிற்றில் ஒரு மடிப்பு விழவில்லை. முந்நூறு தடவை நானே இழுத்துப் பார்த்தேன், என் முகத்துக்கு நேராக வைத்து.

செப்டம்பர் 8, திங்கள்

விசில் டீச்சர் வந்தார். வில்லைப் பார்ப்பதற்கு முன் மரத்தைக் காட்டச் சொன்னார். உத்தரத்தைக் காட்டினேன், அறுத்த வாயைக் காட்டினேன், ஒடித்த பட்டைகளைக் காட்டினேன். வெளியே எடுத்துப்போய் இழுத்தார். பாதியில் அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு முழுசாக இழுத்தார், விட்டார். இருபது அம்பு.

போகும்போது, "வருஷம் பூரா ஆனாலும் பரவாயில்லை. பன்னெண்டு வேணும். பள்ளியில கேட்டா நான் பேசிக்கறேன்" என்றார். சரி என்று சொல்லத்தான் முடிந்தது.

செப்டம்பர் 27, சனி

மத்தியானம் அக்கா வந்தாள். கதவருகில் நிழல் விழுந்தபோதே தெரிந்துவிட்டது. இளைத்திருக்கிறாள். கையில் ஒரு பொட்டலம், பழைய மாதிரியே முறுக்கிய நாண்கள்.

பழைய பட்டறையில் அவள் உட்காருகிற இடம் மரச்சுருள் மூட்டை. வந்ததும் அதில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். இங்கேயும் ஒரு மூட்டை இருக்கிறது. அவள் கண் அங்கே போனது.

நான் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த மடக்கு நாற்காலியை எடுத்து, தட்டித் திறந்து, துணியால் துடைத்துப் போட்டேன். வில் வாங்க வருகிறவர்களுக்குப் போடுவது போல. யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது.

அவள் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்றாள்.

"உக்காரு" என்றேன்.

நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். அவருக்கு இப்போது வேலை குறைவு என்றாள். சரி என்றேன். கொட்டகையில் வெயில் தெரியவில்லையா என்று கேட்டாள். பழகிவிட்டது என்றேன். பொட்டலத்தை மடியிலேயே வைத்திருந்தாள். நான் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. பத்து நிமிஷம் இருந்துவிட்டு, "வரட்டுமா?" என்று எழுந்தாள். தெருமுனை வரை கூடப் போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.